பொருந்தாத் தோழரோடு பயணம்

ஒத்த இயல்புடையோரோடு மட்டுமே பயணம் செல்ல வேண்டும் என்பர் சிலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று.

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3550 படிகள். நண்பர் நால்வர் ஏறினால் நால்வகை நடை. ஒருவன் காலிகோபுரம் வரை ஓடுவான்; பின் அங்கேயே படுத்துவிடுவான். ஒருத்தி படிகளை எண்ணுவாள்; எவரேனும் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிச் சினம் கொள்வாள். மற்றொருவனுக்கு மாங்காய்க் கீற்று விற்கும் கடைதோறும் கால் வலிக்கும்! நான்காமவளோ காட்டுக் குரங்குகளை வேடிக்கை பார்த்து நிற்பாள். நால்வரும் ஓடுபவராயின், சேஷாசலக் காட்டை ஒருவரும் கண்டிரார். சிரிக்கவும் ஒன்றும் இராது.

கடல் கடந்த பயணத்திலும் இதுவே உண்மை. 1867இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், தம் இயல்புக்கு ஒவ்வாத முதியோர் பலருடன் கப்பலேறி ஐரோப்பாவிற்கும் எருசலேமிற்கும் சென்றார். அப்பயணத்தை அவர் நகைச்சுவையாக எழுதிய நூல் 1869இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது.

ஆயினும் ஒரு வரம்பு உண்டு. நடைவேறுபாட்டைக் கண்டு நகைக்கலாம்; பின்தங்கியவரைக் கைவிடலாகாது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுமியொருத்தி சிறுத்தை தாக்கி உயிரிழந்தாள். அதன்பின், நடந்து செல்வோர் குழுவாகச் செல்லுமாறு தேவஸ்தானம் அறிவுறுத்தியது. மெல்ல நடப்பவரை விட்டுச் சென்றால் அது குழுவன்று.

ஆகவே புறப்படுமுன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மெல்ல நடப்பவர் முன்னே செல்லட்டும், விரைந்து நடப்பவர் பின்னே வரட்டும். மாங்காய்க் கடையில் சற்று நிற்க நேரும், நிற்கலாம்.