லென்சுக்கேற்ற கேமரா

வீட்டிலுள்ள பழைய ஜெனித் கேமரா பழுதானால், லென்சையும் சேர்த்துக் கபாடிவாலாவிடம் போட்டுவிடுகிறோம். இது சரியல்ல. பூஞ்சை பிடிக்காத லென்ஸ் இன்னும் பல்லாண்டு உழைக்கும். அதற்கேற்ற பழைய பிலிம் கேமராவைத் தேடுவதே முறை.

அந்த லென்சுகள் பெரும்பாலும் 42 மி.மீ. மரையுள்ளவை. 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் அப்படியே திருகலாம். 1975-இல் தொடங்கிய பென்டாக்ஸ் ‘கே’ வகைக்கு ஓர் இணைப்பு வளையம் போதும். இவற்றில் லென்ஸ் அமரும் முகப்பிலிருந்து பிலிம் வரை 45.46 மி.மீ.; நிக்கானிலோ 46.5. ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். வெறும் வளையம் போட்டால் தூரத்து மலை மங்கலாகத்தான் விழும். ரயில் பாதைக்கு அகலம் எப்படியோ, கேமராவுக்கு இந்தத் தூரம் அப்படி.

ஆகவே அன்பர்களே, பெயருக்காக வாங்காதீர்கள். லென்சைக் கையோடு கொண்டுபோய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.