வாயிற்காவலின் இரு பிழைகள்

2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனு விசாரணைக்கு வந்தது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டு, சிறைவாசத்தை முடித்த அவர், தாயகம் திரும்பினால் தன் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. 140 கோடி மக்களை வைத்துக்கொண்டு நாமே திணறும்போது, உலகெங்கிலும் இருந்து வருவோரையெல்லாம் ஏற்றுக்கொள்ள இந்தியா என்ன சத்திரமா என்னும் பொருள்பட அமர்வு கேட்டது.

கேள்வி நியாயமானதே. ஆனால், சத்திரத்துக்கும் ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. வந்தவர் யார், போனவர் யார் என்று அவர் ஏட்டில் எழுதுவார். இடமில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், ஏன் என்று மறுநாள் கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இருந்தது. நாட்டின் கதவைச் சாத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்பதல்ல இன்றைய விவாதம். அந்த அதிகாரம் ஐயத்துக்கு இடமில்லாதது. சாத்தியவர் அதற்குக் காரணம் எழுதி வைக்க வேண்டுமா, அந்தக் காரணத்தை வேறொருவர் சரிபார்க்க வேண்டுமா என்பதே விவாதம்.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளது. முதல் மூன்றும் ஆங்கிலேயர் ஆட்சியில், பெரும்பாலும் போர்க்கால அச்சத்தில் பிறந்தவை. அவற்றை ஒருங்கிணைத்தது வரவேற்கத்தக்கது. தேசப் பாதுகாப்பு, இறையாண்மை, பொதுச் சுகாதாரம், பிற நாடுகளுடனான உறவு போன்ற காரணங்களால் ஒருவருக்கு நுழைவை மறுக்கலாம் என்று புதிய சட்டம் கூறுகிறது. இதிலும் குறை காண்பதற்கில்லை. குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்று அது சேர்த்துக் கூறுவதுதான் நம்மை நின்று யோசிக்க வைக்கிறது.

நம் அரசமைப்புச் சட்டம் இவ்விஷயத்தில் கவனமாகச் சொற்களைத் தேர்ந்துள்ளது. கருத்துரிமை, நாடெங்கும் நடமாடும் உரிமை, குடியிருக்கும் உரிமை ஆகியவற்றை வழங்கும் 19ஆவது பிரிவு குடிமக்களைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14ஆவது பிரிவும், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆவது பிரிவும் எந்த நபருக்கும் பொருந்துகின்றன. வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் கட்டற்றது என்று 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 1937 முதல் இங்கு வாழ்ந்த பெல்ஜியப் பாதிரியார் ஒருவரின் வழக்கில் 1991இலும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. ஆக, வெளிநாட்டவர் எவருக்கும் இந்தியாவுக்குள் நுழையும் உரிமை இல்லை. ஆனால், காரணமின்றி நடத்தப்படாமல் இருக்கும் உரிமை அவருக்கு உண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல.

புள்ளியியல் வகுப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு நாங்கள் இருவகைப் பிழைகளைக் கற்பிப்போம். வாயிற்காவலனை வைத்து அதை எளிதில் விளக்கலாம். தீங்கானவரை உள்ளே விடுவது ஒரு பிழை. தீங்கற்றவரைத் திருப்பி அனுப்புவது இன்னொரு பிழை. ஒன்றைக் குறைக்கக் கெடுபிடியைக் கூட்டினால் மற்றது பெருகும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க ஒரே வழிதான் உண்டு: தகவலின் தரத்தை உயர்த்துவது.

முதல் பிழையின் விலை நாளிதழின் முதல் பக்கத்தில் வரும். நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். அதிகாரி பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டாம் பிழையின் விலை எந்தக் கணக்கிலும் ஏறாது. நான் பணியாற்றிய கல்லூரியில் ஒருமுறை வேளாண் கடன் குறித்த கருத்தரங்குக்கு வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரை அழைத்திருந்தோம். அனுமதி வரவில்லை, மறுப்பும் வரவில்லை. கருத்தரங்கு முடிந்து மூன்று வாரம் கழித்து மறுப்பு வந்தது. காரணம் இன்றுவரை தெரியாது. யாருடைய பணிப்பதிவேட்டிலும் அது ஒரு தவறாகப் பதிவாகியிருக்காது. ஐயம் வந்தால் மறுத்துவிடுவதே அதிகாரிக்குப் பாதுகாப்பு என்றாகும்போது, அவர் மறுக்கவே செய்வார். அது அவருடைய குணக்கேடு அன்று. அவருக்கு முன் நாம் வைத்திருக்கும் ஊக்கமும் தண்டனையும் அப்படி.

முதல் பிழையை எளிதாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்ததைக் கண்ட தமிழகத்துக்கு அதன் விலை தெரியும். 166 பேரைப் பலிகொண்ட 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் அதன் விலையை நாடே கண்டது. ஆனால், மும்பைக்கு வேவு பார்க்க வந்தவர் எப்படி உள்ளே வந்தார் என்பதை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும்.

தாவூத் கிலானி என்ற அமெரிக்கக் குடிமகன் 2006 பிப்ரவரியில் தன் பெயரை டேவிட் ஹெட்லி என மாற்றிக்கொண்டார். முஸ்லிம் என்றோ பாகிஸ்தான் பின்னணி உள்ளவர் என்றோ அறியப்படாமல் இந்தியாவில் நடமாடுவதே நோக்கம். 2006 செப்டம்பர் முதல் 2008 ஜூலை வரை ஐந்து முறை மும்பை வந்து தங்கி, தாக்கவேண்டிய இடங்களைப் படமெடுத்தார். இதற்கெல்லாம் மறைப்பாக அவர் மும்பையில் நடத்தியது ஒரு குடியேற்ற ஆலோசனை அலுவலகம்! தாக்குதல் முடிந்து நான்கு மாதங்களுக்குப் பின், 2009 மார்ச்சில், அவர் மறுபடியும் இந்தியா வந்து அடுத்த இலக்குகளை வேவு பார்த்துச் சென்றார். அவருடைய மனைவியர் இருவர் வெவ்வேறு காலங்களில் அமெரிக்க அதிகாரிகளிடம் அவரைப் பற்றி எச்சரித்திருந்தது பின்னர் வெளிவந்தது. தகவல் எங்கோ ஓரிடத்தில் இருந்தது. வாயிலில் நின்றவரிடம் அது இல்லை.

இதற்கு நாம் கண்ட பரிகாரம் என்ன? சுற்றுலா விசாவில் வந்து போனவர், இரண்டு மாத இடைவெளிக்குப் பின்பே மீண்டும் வரலாம் என்று 2009 இறுதியில் ஒரு விதி வந்தது. இந்தியாவைச் சுற்றிவிட்டு நேபாளமோ இலங்கையோ சென்று, ஊர் திரும்ப மறுபடி தில்லிக்கு வரவேண்டிய பயணிகள் சிக்கிக்கொண்டனர். 2012இல் பெரும்பாலான நாட்டினருக்கு அந்த விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. வணிக விசாவில் வந்த ஒருவரால் நேர்ந்த கேட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் விலை கொடுத்தார்கள்.

பொத்தாம்பொதுவான தடைகளின் இயல்பே இதுதான். அமெரிக்காவில் 2017 ஜனவரி 27 அன்று அதிபர் டிரம்ப் ஏழு நாட்டினருக்கு நுழைவைத் தடுத்தபோது, செல்லத்தக்க விசாவோடு விமானத்தில் ஏறியவர்கள் இறங்கியதும் தடுத்து நிறுத்தப்பட்டனர். நீதிமன்றங்கள் குறுக்கிட, உத்தரவு இருமுறை மாற்றி எழுதப்பட்டது. மூன்றாவது வடிவத்தை 2018 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது. 2021இல் அடுத்த அதிபர் அதை நீக்கினார். 2025 ஜூனில் 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையுமாக அது திரும்பி வந்தது. பிறந்த நாட்டைக் கொண்டு ஆபத்தை அளக்கும் இந்த முழக்கோலால் அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஹெட்லியை யாரும் அளந்திருக்க முடியாது.

இனி, இரண்டாம் பிழை. எண்பதுகளின் பஞ்சாப் வன்முறைக் காலத்தில் தொடங்கி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சீக்கியர் பலரின் பெயர்கள் மத்திய அரசின் கரும்பட்டியலில் ஏறின. பெற்றோரின் இறுதிச் சடங்குக்கும் பொற்கோயிலைத் தரிசிக்கவும் வரமுடியாமல் பல்லாண்டுகள் போயின. 2019 செப்டம்பரில் அந்தப் பட்டியலை மறு ஆய்வு செய்ததாக உள்துறை அமைச்சகம் அறிவித்தது. பட்டியலில் இருந்தவர்கள் 314 பேர். நீக்கப்பட்டவர்கள் 312 பேர். எஞ்சியவர்கள் இருவர்!

அந்த 312 பேரும் தொடக்கத்திலேயே தவறாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் சேர்க்கப்பட்டதற்கு அன்று வலுவான காரணம் இருந்திருக்கலாம். காலம் மாறியது, மனிதர்கள் மாறினார்கள், பட்டியல் மட்டும் மாறவில்லை. அதைத் திறந்து பார்க்கும் கடமை எவருக்கும் சட்டப்படி இல்லாததே காரணம். ஹெட்லி வந்து போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தப் பட்டியலும் வாயிலில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சரிபார்க்கப்படாத பட்டியல், திருப்பி அனுப்ப வேண்டாதவரைத் திருப்பி அனுப்புகிறது; நிறுத்த வேண்டியவரையும் நிறுத்துவதில்லை.

திருப்பி அனுப்பப்படும் அயலாரின் சிக்கல் இது, நமக்கென்ன என்று கேட்கலாம். பெல்ஜியப் பொருளியலாளர் எர்னஸ்ட் மாண்டலுக்கு அவருடைய மார்க்சியக் கொள்கைக்காக அமெரிக்கா 1969இல் நுழைவை மறுத்தபோது, அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தவர்கள் அவரை அழைத்திருந்த அமெரிக்கப் பேராசிரியர்கள். மறுக்கப்பட்டது கேட்கும் எங்கள் உரிமையும்தான் என்பது அவர்கள் வாதம். 1972இல் அவர்கள் தோற்றார்கள் என்றாலும், அரசு காட்டும் காரணம் மேலோட்டத்திலாவது முறையானதாகவும் நேர்மையானதாகவும் இருக்கவேண்டும் என்ற அளவுகோல் அந்த வழக்கில்தான் பிறந்தது.

நம் நாட்டில் 2022 மார்ச்சில் கேரளச் சமூகத்தைப் பல்லாண்டுகளாக ஆய்ந்துவந்த மானுடவியலாளர் பிலிப்போ ஒசெல்லா திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். 2025 அக்டோபரில் இந்தி இலக்கிய வரலாற்றறிஞர் பிரான்செஸ்கா ஒர்சினி தில்லியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். முந்தைய பயணத்தில் விசா நிபந்தனையை அவர் மீறியதாக அரசுத் தரப்பில் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அது உண்மையாக இருக்கலாம். அப்படியெனில், அதை எழுத்தில் அவரிடம் தருவதில் அரசுக்கு என்ன நட்டம்? சொல்லாத காரணத்தின் இடத்தை வதந்தி நிரப்புகிறது. இழப்பு வந்தவருக்கு மட்டுமன்று. அவரிடம் பயிலவிருந்த மாணவருக்கும், இந்தியரை மணந்து இங்கே குடும்பம் நடத்துபவர் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த இந்தியத் துணைக்கும்தான்.

காரணத்தை வெளியிட்டால் உளவுத் தகவலின் மூலம் அம்பலமாகும் என்பது மறுதரப்பின் வலுவான வாதம். இதற்குத் தீர்வு தேடிய நாடுகள் உண்டு. கரம்ஜித் சிங் சாஹல் என்ற சீக்கியரைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தியாவுக்கு நாடு கடத்த 1990இல் பிரிட்டன் முடிவு செய்தது. ஆறாண்டுகள் சிறையிலிருந்த அவருடைய வழக்கில், பிரிட்டனின் நடைமுறை போதாது என்று 1996இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 1997இல் பிரிட்டன் ஒரு சிறப்பு மேல்முறையீட்டு ஆணையத்தை அமைத்தது. அங்கு ரகசிய ஆவணங்களை நீதிபதி பார்ப்பார். பாதுகாப்பு அனுமதி பெற்ற வழக்கறிஞர் ஒருவரும் பாதிக்கப்பட்டவர் சார்பில் பார்த்து வாதிடுவார். அந்த வழக்கறிஞர் ரகசியத்தைப் பார்த்தபின் தன் கட்சிக்காரரோடு கலந்து பேச முடியாது என்பது பெரிய குறை. ஆயினும், எவரும் பார்க்காமல் இருப்பதைவிட ஒருவர் பார்ப்பது மேல்.

நம் நீதிமன்றங்களும் வழி காட்டியுள்ளன. பொதுநலன் என்று மட்டும் சொல்லிக் கடவுச்சீட்டை முடக்கிய மேனகா காந்தி வழக்கில், முன்கூட்டியே விசாரித்தால் நோக்கம் கெடுமென்றால் பிறகாவது விசாரிக்க வேண்டும் என்ற நெறி 1978இல் உருவானது. மலையாளத் தொலைக்காட்சி ஒன்றின் உரிமம் தொடர்பான 2023 ஏப்ரல் தீர்ப்பில், ஆதாரமின்றித் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டக் கூடாது என்றும், மூடிய உறையில் எல்லாவற்றையும் ஒளித்துவிடக் கூடாது என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. முன்னது குடிமக்களின் வெளிநாட்டுப் பயணம் பற்றியது, பின்னது ஊடகம் பற்றியது என்றாலும், நெறி ஒன்றே. உயர்நீதிமன்றத்தை அணுகும் வழி அடைபடவில்லை என்பது உண்மைதான். ஆனால், சில மணி நேரத்தில் திரும்பும் விமானத்தில் ஏற்றப்படுபவர் எந்த நீதிமன்றப் படியை ஏறுவார்?

செய்யவேண்டியவை மூன்று. மறுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும். அதன் சுருக்கம், ரகசியம் கெடாத அளவில், மறுக்கப்பட்டவருக்குத் தரப்பட வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு, ரகசிய ஆவணங்களையும் பார்த்து, குறிப்பிட்ட காலத்துக்குள் மேல்முறையீட்டை முடிக்க வேண்டும். அதுவரை அவர் வெளிநாட்டிலேயே காத்திருக்கட்டும். கரும்பட்டியலில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் காலவரம்பு வேண்டும். நீட்டிக்க விரும்பினால் மறுபடியும் காரணம் எழுதட்டும். இவற்றால் ஆபத்தானவர் ஒருவர்கூட உள்ளே வந்துவிடப் போவதில்லை. மாறாக, காரணம் எழுத வேண்டிய அதிகாரி தகவலைத் தேடுவார். தேடுபவர் கையில்தான் அடுத்த ஹெட்லி சிக்குவார்.

இலங்கைத் தமிழ் அகதிகளின் நிலையும் இதைச் சார்ந்ததே. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்தவர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்களித்துள்ளது. மனமார வரவேற்போம். ஆனால், ஓர் ஆணையால் வந்த சலுகை இன்னோர் ஆணையால் போகலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் பசிக்குத் தப்பித் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்திறங்கியவர்களுக்கு அந்தத் தேதி கைகொடுக்காது. அவர்கள் அனைவரையும் ஏற்க வேண்டும் என்பதல்ல. ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இந்தியா சத்திரமல்ல, ஒப்புக்கொள்வோம். காவலில்லாத வீடும் அல்ல. ஆனால், காவலன் யாரை ஏன் நிறுத்தினான் என்று வீட்டுக்காரர் கேட்பதே இல்லை என்றால், அந்த வீட்டின் காவல் நாளடைவில் தளர்ந்துதான் போகும். கேட்கவேண்டிய வீட்டுக்காரர்கள் நாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).