1,285 வாக்குகள் சொல்லும் பாடம்

விருதுநகர் என்றதும் நாட்டோர் நினைவுக்கு வருபவை இரண்டு. காமராசர் பிறந்த மண் என்பது ஒன்று. அந்தக் காமராசரையே 1967இல் தோற்கடித்த மண் என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள், பின்னதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நன்றி கெட்ட ஊர் என்று ஏசியவர்களும் உண்டு.

அந்த ஏச்சு நியாயமா? நியாயமில்லை என்பதே நமது கருத்து. வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

காமராசர் முதன்முதலில் சட்டசபைக்குச் சென்றது 1937இல். சாத்தூர் தொகுதியில் போட்டியின்றித் தேர்வானார். அன்று ஓட்டுரிமை யாருக்கு இருந்தது? வரி கட்டியவனுக்கு இருந்தது, சொத்து வைத்திருந்தவனுக்கு இருந்தது, படித்தவனுக்கு இருந்தது. தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கியவனுக்கு இல்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவளுக்கு இல்லை. 1952 பொதுத்தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் வாக்குச்சாவடிக்குள் காலெடுத்து வைத்தனர்.

அவ்விதம் உரிமை பெற்ற பாட்டாளிகள் காமராசரைப் புறக்கணித்தார்களா? இல்லையே! 1952இல் திருவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1954இல் முதலமைச்சரானவரை, 1957இலும் 1962இலும் சாத்தூரில் வெற்றிபெறச் செய்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். பகல் உணவு போட்டார். மக்கள் அதை மறக்கவில்லை. எதிர்த்து நின்றவர்களும் மறுக்காத உண்மை இது.

ஆனால் 1967இல் நிலைமை வேறு. அரிசிக்கு அலைந்தன குடும்பங்கள். 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரில் சிந்திய இரத்தத்தை இளைஞர்கள் மறக்கவில்லை. விருதுநகர் மக்களுக்கோ இன்னொரு வேதனையும் இருந்தது. இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி, 1956 சூலை 27ஆம் நாள் அவ்வூரிலேயே உண்ணாநோன்பு தொடங்கினார் காந்தியத் தொண்டர் சங்கரலிங்கனார். அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார். அன்றைய ஆட்சி அந்தப் பெயரை ஏற்கவில்லை. 1967 சூலை 18ஆம் நாள்தான் அதற்கான தீர்மானம் அண்ணாவின் ஆட்சியில் சட்டசபையில் நிறைவேறிற்று.

இந்தச் சூழலில் விருதுநகர்த் தொகுதியில் நின்றார் காமராசர். அகில இந்தியக் காங்கிரசின் தலைவர் அவர். 1964இலும் 1966இலும் பிரதமர்கள் அமைவதற்குத் துணைநின்றவர். எதிரே நின்றவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். எண்ணி முடித்தபோது சீனிவாசனுக்கு 33,421 வாக்குகள். காமராசருக்கு 32,136 வாக்குகள். வித்தியாசம் 1,285.

தோழர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். சீனிவாசனுக்கு வாக்களித்தவர்களில் 643 பேர் மனம் மாறியிருந்தால், காமராசர் ஒரு வாக்கில் வென்றிருப்பார். 643 பேர்! ஒரு பெரிய பட்டாசு ஆலையின் வாசலில் காலை வேளையில் கூடுகிற கூட்டம் அவ்வளவுதான். இந்தியாவே திரும்பிப் பார்த்த தீர்ப்பை எழுதியவர்கள் அத்தனை பேரே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1967இல் தமிழகம் முழுவதும் காங்கிரசு பெற்ற வாக்குகள் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியே இருந்தன. மக்கள் கூண்டோடு கைவிட்டதால் வீழ்ந்த கட்சியல்ல அது. முன்பு சிதறிக் கிடந்த எதிர் வாக்குகளைத் தி.மு.க., சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் கட்சிகளின் கூட்டணி ஒன்றாகக் குவித்தது. ஆட்சி மாறிற்று.

எனவே, விருதுநகர் காட்டியது நன்றிகேடு அல்ல. நேற்றைய நன்றி வேறு, இன்றைய தேவை வேறு என்று பிரித்துப் பார்த்த விவேகம். அந்த மக்கள் ஒரு தனிமனிதரைப் பழிக்கவில்லை. ஓர் ஆட்சியை மாற்றினார்கள். காமராசரும் முடங்கிவிடவில்லை, 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பின்னும் இந்த வட்டாரம் எவருக்கும் சட்டைப்பைத் தொகுதியாக இருந்ததில்லை. 1998இலும் 1999இலும் சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியில் வென்ற வைகோ, தொகுதிச் சீரமைப்புக்குப் பிறகு 2009இல் விருதுநகரில் 15,764 வாக்குகளில் தோற்றார். 2024இல் அதே தொகுதியில் மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனை வென்றது 4,379 வாக்குகளில். சட்டமன்றத் தொகுதிகள் ஆறு அடங்கிய பரப்பில், 2,190 பேர் கை மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

இவ்வளவு பெரிய ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளி, அதைக் காட்டிக் கேட்டது என்ன? பெற்றது என்ன?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 38 உயிர்களுக்குக் குறையாமல் பலி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கு மேல். 2024 மே 9, செங்கமலப்பட்டி: பத்து உயிர்கள். 2025 சூலை 1, சின்னக்காமன்பட்டி: ஒன்பது உயிர்கள். ஒவ்வொரு முறையும் அனுதாபச் செய்தி வருகிறது, நிவாரணத் தொகை வருகிறது, விசாரணை வருகிறது. அடுத்த வெடிச்சத்தமும் வருகிறது.

தேர்தல் மேடையில் எல்லாக் கட்சியினரும் ஒரே குரலில் சொல்வது, "பட்டாசுத் தொழிலைக் காப்போம்" என்பது. வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? மழை பொய்த்த கரிசல் பூமிக்குச் சோறு போட்ட தொழில் அது. 1920களில் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து ஊன்றிய விதை, மரமாயிற்று. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தபோது, வேலை குறைந்து வாடியதும் தொழிலாளி வீட்டு அடுப்புத்தான். தொழில் வாழ வேண்டும். ஆனால் தொழிலைக் காப்போம் என்பவர்கள், தொழிலாளியைக் காப்போம் என்று அதே உரத்த குரலில் சொல்வதில்லையே, ஏன்?

உரிமம் ஒருவர் பெயரில், ஆலை நடத்துவது வேறொருவர் என்ற உள்குத்தகை முறை ஒழிய வேண்டும். ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற விதி, தாளில் மட்டுமன்றித் தளத்திலும் நடக்க வேண்டும். மருந்து கலக்குபவருக்குப் பயிற்சி வேண்டும். நிரந்தரமாக உழைப்பவருக்கு வைப்பு நிதியும் காப்பீடும் வேண்டும். இறந்தவன் குடும்பத்துக்குத் தருவது தருமமல்ல, சட்டப்படி உரிய ஈட்டுத்தொகை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். இவை புதிய கோரிக்கைகள் அல்ல. பெரும்பாலானவை சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பவை. இல்லாதது அவற்றை நடத்தி வைக்கும் உறுதி.

நமது தோழர்களுக்குச் சொல்கிறோம்: வேட்பாளர் எந்தச் சாதி, எவ்வளவு செலவழிப்பார் என்று கணக்குப் போடுவதை விடுங்கள். ஆலை வாசலுக்குப் போங்கள். மாலையில் மருந்துக் கறையோடு வீடு திரும்பும் தாய்மாரிடம் பேசுங்கள். அவர்கள் குறைகளைத் தெருத்தெருவாக எழுதி வாருங்கள். வாக்குக் கேட்டு வருபவர் யாராயினும், நமது கட்சி வேட்பாளரே ஆயினும், அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுத்துப் பதில் கேளுங்கள். பதில் சொல்ல அஞ்சுபவர் சட்டசபையில் என்ன பேசப் போகிறார்?

அரிசிக்காகவும் மொழிக்காகவும் ஆட்சியை மாற்றியவர்கள் இந்த மண்ணின் மக்கள். உயிருக்காக ஒரு முறை ஒன்றுபட்டுக் கேட்டால், மறுத்துப் பேசும் துணிவு எந்தக் கட்சிக்கு இருக்கும்? அதற்கு இலட்சம் பேர் திரள வேண்டியதில்லை. 643 பேர் போதும் என்று 1967 நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது.