ரகசியத்துக்கும் ஒரு வயது வேண்டாமா?

போன வாரம் கோட்டை அடிவாரத்தில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர். அரக்கோணம் கடற்படை விமானதளத்தைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொன்னதுதான் தப்பு. "அதெல்லாம் ராணுவ ரகசியம் சார், நமக்கெதுக்கு?" என்றார். நடந்துகொண்டே பதில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. இங்கே உட்கார்ந்து சொல்கிறேன்.

ஐ.என்.எஸ். ராஜாளி 1992 மார்ச்சில் அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த தளம். ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 விமானங்கள் எட்டு, 1988இல் கோவாவுக்கு வந்து, பிறகு இங்கே குடியேறின. நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். அரக்கோணத்தில் இருக்கும் என் சம்பந்தி, "அது கிளம்பினால் அலமாரியில் டம்ளர் பேசும்" என்பார். கடலுக்கடியில் நீர்மூழ்கியைத் தேடுவதும் அந்நியக் கப்பல்களைக் கவனிப்பதும் அதன் வேலை. மாலத்தீவு விவகாரத்தில் போனது, 2002இல் எல்லையில் படை குவித்தபோதும் பறந்தது. 2017 மார்ச் 29 அன்று ஓய்வு கொடுத்தார்கள். அதற்குள் அமெரிக்க பி-8ஐ வந்துவிட்டது. கடலுக்கென்று வாங்கிய அந்த விமானம் லடாக் மலைமேல் சீனப் படையை வேவு பார்க்கப் போனதைப் பத்திரிகைகளிலேயே படித்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் இந்த ராஜாளி தளத்திலிருந்துதான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓய்வு பெற்ற டியூ-142 ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். பேத்தியோடு போயிருந்தேன். உள்ளே ஏறிப் பார்த்தோம். பேத்தி கேட்டாள்: "தாத்தா, இது என்னவெல்லாம் கண்டுபிடிச்சுது?" அதற்கு அங்கே பதில் இல்லை. விமானத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்; அது 29 வருஷம் பார்த்ததைப் பார்க்க முடியாது. பிரெஞ்சில் இதற்கு "செக்ரே தெ பொலிஷினேல்" என்பார்கள். பொம்மலாட்டக் கோமாளியின் ரகசியம். கொட்டகை முழுவதற்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லக் கூடாது.

இதாவது பரவாயில்லை. சார்பாட்டியா கதையைக் கேளுங்கள்.

ஒடிசாவில் கட்டாக் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம். 1962 சீனப் போரில் அடிபட்ட பிறகு, அமெரிக்க உளவு விமானமான யு-2 நம் எல்லைப் பகுதியில் பறக்க நேரு அனுமதி கொடுத்தார். 1960இல் பெஷாவரிலிருந்து கிளம்பிய பவர்ஸின் விமானத்தை ரஷ்யா சுட்டு வீழ்த்தியதே, அதே ரக விமானம். 1963 ஜூனில் கென்னடியும் ராதாகிருஷ்ணனும் பேசி, சார்பாட்டியாவைக் கொடுக்க உடன்பாடானது. 1964 மே 24 அன்று அங்கிருந்து ஒரே ஒரு முறை பறந்தார்கள். மூன்றாம் நாள் நேரு காலமானார், வேலை நின்றது. டிசம்பரில் மறுபடி பறந்தார்கள். 1967 வரை அந்தத் தளத்தில் அவர்களுக்குப் புழக்கம் இருந்தது.

இதை எனக்குச் சொன்னது யார்? நம் அரசா? இல்லை. சி.ஐ.ஏ. தன் யு-2 வரலாற்றை 2013இல் முழுசாக அவிழ்த்துவிட்டபோது வாஷிங்டனிலிருந்து தெரியவந்தது. அணிசேராக் கொள்கை என்று பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். நேரு செய்தது தப்பு என்று சொல்லவில்லை. எதிரி வாசலுக்கு வந்த பிறகு அந்த இடத்தில் யாரிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் என் நாட்டுப் பிரதமர் எடுத்த முடிவை ஐம்பது வருஷம் கழித்து அடுத்த நாட்டு உளவுத்துறை சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? சீனாவுக்கு அன்றே சந்தேகம் இருந்திருக்கும். அமெரிக்காவுக்குத் தெரியும். தெரியாமல் போனது நமக்கு மட்டும்தான்.

அலுவலகத்தில் என் வேலையே காகிதத்துக்கு வயது போடுவதுதான். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்து வருஷம், கே.டிஸ். மூன்று. "மந்தணம்" என்று முத்திரை போட்டு அரக்கு வைத்து வரும் உறைகளையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அப்படி வந்த உறைக்குள் இருந்தது, ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு வாங்கிய சாப்பாட்டுக் கணக்கு. எதிரி நாட்டுக்கு அது எதற்கு? மறைத்தது தணிக்கைக்காரரிடமிருந்து. அன்றிலிருந்து அந்த முத்திரையைக் கண்டால் எனக்கு முதலில் வரும் கேள்வி: யாரிடமிருந்து?

சட்டம் இல்லாமல் இல்லை. 1993 பொதுப் பதிவேடுகள் சட்டத்தின் விதிகள், ரகசியக் கோப்புகளை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கச் சொல்கின்றன. தகவல் உரிமைச் சட்டம் 8(3), இருபது வருஷம் தாண்டிய விஷயத்தைக் கேட்டால் கொடு என்கிறது. அடுத்த வரியிலேயே பாதுகாப்பு என்றால் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறது. 24ஆம் பிரிவு இன்னும் ஒரு பூட்டு. ஊழலும் மனித உரிமை மீறலும் தவிர மற்றதெதையும் கேட்க முடியாத அமைப்புகளின் பட்டியலில், 1963இல் அமெரிக்க உதவியோடு பிறந்து சார்பாட்டியாவில் காலூன்றிய விமான ஆய்வு மையமும் இருக்கிறது. பிரான்சில் பாதுகாப்பு ஆவணத்துக்குப் பொதுவாக 50 வருஷம் கெடு. அவர்களும் விலக்குகளை நீட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு எண் இருக்கிறது.

நம் ஊரையே பாருங்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் ஆட்கள் இருட்டில் செஞ்சிக் கோட்டை வாசலை வெடிவைத்துப் பிளந்து, விடிவதற்குள் மலைகளைப் பிடித்தார்கள். அந்தக் காலத்து அரசியல் பேரங்களெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் அச்சாகி நூலகத்தில் கிடக்கின்றன. 1750இன் ரகசியம் செஞ்சிக்காரனுக்குத் தெரியும், 1964இன் ரகசியம் தெரியக் கூடாதாம்.

தலைமையாசிரியர் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: "எதிரிக்குத் துப்புக் கொடுக்கச் சொல்கிறீரா?" இன்றைக்குப் பி-8ஐ எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கருவியைக் கடலில் போடுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னைப் பிடித்து உள்ளே போடட்டும். விமானம் பழைய இரும்பான பிறகும், ஓட்டியவர்கள் பென்ஷன் வாங்கிப் போய்ச் சேர்ந்த பிறகும் கோப்பு மட்டும் இளமையாக இருப்பானேன் என்கிறேன். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை 2010இல்கூட வெளியிட முடியாது என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் அந்தோணி சொன்னார். அதில் ஒரு பகுதியை 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் இணையத்தில் போட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

தபால் நிலையத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர் வாங்கி வைத்திருக்கிறேன். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரே கேள்வி: சார்பாட்டியா கோப்பு இருக்கிறதா, இருந்தால் கடைசியாக எந்த வருஷம் பரிசீலித்தீர்கள்? திங்கட்கிழமை தபாலில் போகிறது. பதில் வந்தால், மறுப்பாக இருந்தாலும், அப்படியே இங்கே போடுகிறேன்.