கல்லாரை

சென்ற விடுமுறையில் பொம்மையார்பாளையத்திலுள்ள என் பாட்டியார் இல்லத்திற் சில நாள் தங்கினேன். கிழக்கே கடல், வடக்கே நெடுந்தொலைவு சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். ஊரின் மேற்புறத்து நன்னீர்க் குட்டையில் பாட்டியார் ஆரைக்கீரை பறித்துக் கொண்டிருந்தார். ஒரு காம்பின் நுனியில் நான்கு இலைகள் கூடி நிற்கும் அச்சிறு பூண்டைக் கண்டு, "இது களைதானே, பாட்டி?" என்றேன். "களையா? உங்கப்பன் வளர்ந்ததே இதிலேதான்" என்றார்.

அக்களையின் குலப்பழமையை யான் அறிந்தது பின்னரே. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகட்கு முன்னர், டைனோசார்கள் என்னும் பெருவிலங்குகளின் கடைநாளில், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் பரவிற்று. ஒரு பரவலுக்கும் அடுத்ததற்கும் இடையே குளங்கள் தோன்றின. அவற்றின் சேற்றில் வீழ்ந்த செடிகளிற் சிலிக்கா ஊறி, உள்ளமைப்பும் கெடாது கல்லாயின. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்து மோகாவ் கலானிற் கிடைத்த, ஆரையினத்தைச் சார்ந்த கல்வித்துறை ஒன்றைப் பேராசிரியர் பீர்பல் சாஹனி 1943-இல் "ரோடைட்டிஸ் தக்சிணி" எனப் பெயரிட்டு விளக்கினார். பூவும் காயுமற்ற ஆரைக்குக் கடலை போன்ற இவ்வித்துறையே வாழ்வு. குளம் வற்றினும் சேற்றிற் பல்லாண்டு கிடந்து, நீர் கண்டதும் முளைக்கும். நம் உழவர் நெல்வயலில் உரமாக வளர்க்கும் அசோலாவின் இனமும் அம்மாவட்டத்துக் கற்களில் உண்டு.

நிற்க. இதே வானூர் வட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களைக் காணப் பலர் செல்கின்றனர். யானும் சென்று வியந்தவனே. ஆயினும் அவை சுமார் 2 கோடி ஆண்டினவே. டைனோசார்கள் மறைந்து நெடுங்காலம் சென்றபின் நின்ற மரங்கள். பருத்தது கண்ணை இழுக்கிறது. அதனினும் பழைய குலத்தது காலடியில் மிதிபடுகிறது.

தமிழ் மாணவராகிய நம்மீதும் குறையுண்டு. உரையில் "ஒருவகைப் பூண்டு" எனக் கண்டால் அதனையே விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். பூண்டைத் தேடிப் போவதில்லை. அக்கல்வித்துறையைக் "கல்லாரை" என்போம் என்றேன். விஞ்ஞானம் பயிலும் நண்பர், இலத்தீன் பெயரே போதும் என்றார். உலகத்தார்க்கு அது போதும். என் பாட்டியார்க்குப் போதுமா? சாஹனியாரே அப்பெயரினுள் நம் தக்கிணத்தை வைத்தாரன்றோ!

அண்மையிற் பாட்டியாரிடமிருந்து கடிதம் வந்தது. குட்டையைத் தூர்த்து மனையாக்கப் போகின்றனராம். பத்திரத்தில் அது குட்டை என்றே இல்லையாம், "தரிசு" என்றுள்ளதாம். கரையில் அளவுக்கல் நட்டாயிற்று. இம்முறை அவர் ஆரை பறிக்கச் செல்லவில்லை.