கருவியை மாற்றுமுன் இடத்தை மாற்றுவோம்

வீட்டில் இணையம் தடைபட்டதும் புதிய திசைவி வாங்கப் பலர் விரைகின்றனர். பெரும்பாலும் அது வீண்செலவு என்பதே என் கருத்து.

சிங்கப்பூரின் வீவக வீடுகள் பலவற்றில், கண்ணில் படாதிருக்கத் திசைவியைப் புகலிட அறைக்குள் வைத்துவிடுகின்றனர். அவ்வறையின் தடித்த கான்கிரீட் சுவர்களும் இரும்புக் கதவும் அலைகளைத் தடுக்கின்றன. எனவே, திசைவியை முதலில் வரவேற்பறையில் உயரமான, திறந்த இடத்திற்கு மாற்ற வேண்டும்.

அடுத்து, அலைவரிசையைக் கவனிக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால், சுவர்களைத் தாண்டும்போது வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தாலும் தொலைவு செல்லும். திறன்மிகு விளக்குகள் பலவும் இதில் மட்டுமே இணையும்.

இவற்றுக்குப் பிறகும் சிக்கல் தீராவிட்டால் புதியது வாங்கலாம். தனியே வாழும் பாட்டியின் வீட்டில் கண்காணிப்புக் கேமரா செயலிழந்தால் பிள்ளைகள் தவிப்பர். ஆகவே, இந்த எளிய சோதனைகளை மாணவர்களாகிய நாம் கற்று, முதியோருக்கும் செய்து கொடுப்போம்.