வெளியே நின்ற எழுத்துகள்

திருநகர் மூன்றாவது நிறுத்தத்தருகே எங்கள் வீடு. அக்காவும் மச்சானும் எங்களோடுதான் இருக்கிறார்கள். காலைத் தேநீருக்கு முன்பே 'இந்து' ஆங்கில நாளேடு வாசலில் வந்து விழும். அதன் குறுக்கெழுத்துப் புதிர் மச்சானுக்கும் எனக்கும் பொதுச் சொத்து. அவர் வேலைக்குக் கிளம்புமுன் பாதியை முடிப்பார், மீதி எனக்கு. இரவு உணவின்போது விடைகளை ஒப்பிட்டுச் சிரித்து மகிழ்வோம்.

ஒருநாள் சோறு பரிமாறிக் கொண்டிருந்த அக்கா, "அப்படி என்ன தம்பி அதில் சிரிப்பு? எனக்கும் சொல்லேன்" என்றார்கள். சொன்னேன். சிரிப்பு வரவில்லை. மறுபடியும் விளக்கினேன், இன்னும் மோசமாயிற்று. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு சொல்லுக்குள் இரு பொருள் ஒளிந்திருக்கும் வேடிக்கை, மொழி மாறியதும் கரைந்துவிடுகிறது. குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போய்விட்டார்கள். அன்று சோறு எனக்கு இறங்கவில்லை.

வாசக அன்பர்கள் சிலருக்கு இப்புதிரின் தன்மை புதிதாக இருக்கலாம். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட முதற் குறுக்கெழுத்து நேர்ப் பொருளைக் கேட்பது. இங்கிலாந்துக்காரர்கள் அதைத் திருகிவிட்டார்கள். 'டார்க்குமாடா' என்ற புனைபெயரில் ஒருவர் 1926 முதல் 'அப்சர்வர்' ஏட்டில் அமைத்த புதிர்களில் குறிப்பு ஒன்று சொல்வதுபோல் இருக்கும். உண்மையில் வேறொன்றைச் சொல்லும். குறிப்பின் ஒரு பாதி விடையின் பொருள். மறு பாதி அச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் சேரும் தையல் கண்ணில் படாதிருப்பதே கலை. நம் நாட்டில் 1971இல் 'இந்து' ஏடு இவ்வகைப் புதிரைத் தொடங்கியபோது அதை அமைத்துத் தந்தவர், கடற்படைத் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான அட்மிரல் கட்டாரி. கப்பல் நடத்திய கை கட்டம் போட்டது!

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. 1930இல் பி.பி.சி.யின் 'லிசனர்' வார இதழில் தோன்றிய புதிர், 1991இல் அவ்விதழ் நின்றபின் 'டைம்ஸ்' நாளேட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே புதிர் முழுவதற்கும் ஒரு மையக்கருத்து இருக்கும். அது என்னவென்று சொல்லமாட்டார்கள். சில விடைகள் கட்டத்துக்குப் பொருந்தா; சில குறிப்புகளில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழை இருக்கும். அப்பிழைகளைச் சேர்த்துப் படித்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று தெரியும். ஓர் ஆண்டின் எல்லாப் புதிர்களையும் பிழையின்றி முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மச்சானுக்கு நண்பர் ஒருவர் அனுப்பிய பழைய 'லிசனர்' புதிர் ஒன்றோடு நாங்கள் இருவரும் ஒரு ரமலான் முழுவதும் போராடித் தோற்றோம். மூன்று விடைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று தவறு.

பொறுக்கக்கூடிய துன்பம்தான் அது. அமைத்தவர் ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது என்பது இவ்விளையாட்டின் சட்டம். 'சிமினீஸ்' என்ற புனைபெயரினர் 1966இல் ஒரு நூலே எழுதி அதை வரையறுத்தார். விடை கண்டபின் திரும்பிப் பார்த்தால், வேண்டியதெல்லாம் முதலிலேயே சொல்லப்பட்டிருக்கும். நாம்தான் தவறாகப் படித்திருப்போம். சினமும் மகிழ்ச்சியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

தமிழில் செய்தாலென்ன என்று தோன்றியது. கேள்வி தொடுத்து விடை பெறும் இலக்கியத்தில் மதுரைக்குப் பழைய உரிமை உண்டே! வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572இல் அரங்கேறியது இங்கேதான். யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட வினாக்களும் பெற்ற விடைகளுமே அக்காப்பியம். ஆனால் அது அறிவைக் கேட்பது. எழுத்தோடு விளையாடும் என் ஆசைக்குக் காளமேகத்தின் சிலேடையே நெருங்கிய உறவு.

முதல் முயற்சி: "தகவுடையது, தட்டினால் திறக்கும் (3)." 'தகவு' என்பதை மாற்றியடுக்கினால் 'கதவு'. பெருமையோடு நீட்டினேன். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்தைக் கலைக்க வேண்டுமென்று நீ எங்கே சொல்லியிருக்கிறாய்?" என்று கேட்டார்கள். சொல்லவில்லைதான். சிமினீஸைப் படிக்காமலே அக்கா அவருடைய சட்டத்தைப் பிடித்துவிட்டார்கள். "தகவு கலைந்தது, தட்டினால் திறக்கும்" என்று திருத்தினேன். "இது நியாயம்" என்றார்கள்.

சில மாதங்களில் துணிந்து, மையக்கருத்துடைய புதிரொன்று அமைத்தேன். தலைப்பில் ஒரே வரி: "உள்ளே வருவோருள் சிலர் ஒன்றை வாசலில் விட்டு வருவர்."

"தம்பிக்கு முதலாவது, கூரைக்கும் ஆகும்." தம்பியின் முதலெழுத்து தகரம், கூரைக்கும் தகரம். விடை நான்கெழுத்து, கட்டமோ மூன்று. "ககரத்தை அடுத்துப் பாம்பு எடுப்பது வஞ்சகம்." கபடம், அதற்கும் மூன்றே கட்டம். 'விளைவு' என்னும் விடைக்கு இரண்டுதான். மற்றவையெல்லாம் ஒழுங்காகப் பொருந்தின. "கட்டம் எண்ணத் தெரியாதவனுக்குப் புதிர் எதற்கு?" என்று தாளை அரிசி டப்பாவின் மேல் எறிந்துவிட்டார்கள். இரண்டு நாள் என்னோடு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. மச்சான் கண்ணால் தடுத்தார்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின், ஓத வரும் பிள்ளைகள் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்காவுக்குப் பொறி தட்டியதாம். நான் வீடு திரும்பியபோது தாள் நிரம்பியிருந்தது. கபடம் 'க'வை விட்டுப் படமாகியிருந்தது. தகரம் 'த'வை விட்டுக் கரம். விளைவு 'வு'வை விட்டு விளை.

"மூன்று எழுத்தும் வெளியே நிற்கின்றன, தம்பி. கதவாக நிற்கின்றன" என்றார்கள். பிறகு சிரித்தார்கள். ஆங்கிலப் புதிருக்கு நாங்கள் சிரிக்கும் அதே சிரிப்பு.

இப்போது அவர்களே குறிப்பு எழுதுகிறார்கள். எனக்குத் தந்த முதற் குறிப்பு இது: "செல்வமே, சற்று அசை! எங்கள் ஊர் வந்துவிட்டது (5)." 'அசை' என்றதும் எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறார்கள் என்று நம்பி அரைமணி நேரம் வீணாக்கினேன். அக்கா அடுப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், வாய் திறக்கவில்லை.